கம்ப்யூட்டர் பையன்கள் ஏற்றிவிட்ட வாடகை

ஷார்ஜாவில் ரோலா பக்கம் நாங்கள் குடியிருந்த ஃப்ளாட்டில் இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு அடுப்படி. அதில் ஓர் அறை மட்டும்தான் எங்களுடையது. நான், என் வீட்டுக்காரர், மகள் மூன்று பேரும் அந்த அறைக்குள்தான் நான்கு வருடம் குடும்பம் நடத்தினோம். கட்டிலை ஒட்டி அலமாரி, அலமாரியை ஒட்டி மகளின் மேசை, மேசைக்கு அடியில் அரிசி மூட்டை. ஒருவர் எழுந்தால் மற்ற இருவரும் காலை மடக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னோர் அறையில் லாத்தா இருந்தார். கூடப் பிறந்த அக்கா இல்லை. எங்கள் ஊர், பக்கத்துத் தெரு, என்னைவிட மூத்தவர், அதனால் லாத்தா. அவருடைய கணவர் எனக்கு மச்சான். இரண்டு சின்னப் பையன்கள் அவர்களுக்கு. மச்சான் ஒரு கார்கோ கம்பெனியில் கணக்கு பார்த்தார். என் வீட்டுக்காரர் ரோலா கடைத்தெருவில் மின்சாமான் கடையில் சேல்ஸ்மேன். ஃப்ளாட் மச்சான் பெயரில் இருந்தது. கட்டடத்து ஆபீசுக்கு வாடகைச் செக் கொடுப்பவர் அவர், அவருக்கு மாதாமாதம் பணம் கொடுப்பவர்கள் நாங்கள்.

வளைகுடாவில் இதெல்லாம் ஊரறிந்த ஏற்பாடு. ஒருவர் பெயரில் வீடு இருக்கும், உள்ளே மூன்று குடும்பம் இருக்கும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரியல் எஸ்டேட் ஆபீசுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தாலும், செக் திரும்பி வராத வரைக்கும் அவர்கள் கண்டுகொள்ளமாட்டார்கள். ஹாலிலும் பிளைவுட் அடித்து, திரை போட்டு, ஓர் இளம் தம்பதியை வைத்திருந்தார் மச்சான். அந்தப் பெண் பிள்ளை உண்டாகி ஊருக்குப் போனாள். அந்தப் பையன் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் பெட்ஸ்பேஸ் தேடிப் போனான். ஹால் காலியானது.

அந்த வருடங்களில் வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை யார் வீட்டுக்குப் போனாலும் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். மனைவி மக்களை ஊருக்கு ஏற்றிவிட்டு, ஆண்கள் எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒரு கட்டிலுக்குள் ஒடுங்குவார்கள். என் உம்மா தன் கல்யாண வாழ்க்கையில் முக்கால்வாசியை வாப்பாவின் கடிதங்களோடும் போனோடும் கழித்தவர். நான் அப்படி வாழமாட்டேன் என்று நிக்காஹ் பேசும்போதே சொல்லிவிட்டு வந்தவள். மகள் வேறு ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவளை ஊருக்குக் கொண்டுபோய்ப் புதுப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பில் உட்காரவைத்தால் என்ன ஆவாள்? அறை இருந்தால் குடும்பம் இருக்கும், அறை போனால் நானும் மகளும் விமானம் ஏற வேண்டியதுதான். அந்தப் பயத்திலேயே அடுப்படிக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

அப்போதுதான் ஹாலுக்கு மூன்று பையன்கள் வந்தார்கள்.

சென்னைப் பையன்கள். சுத்தமாக உடுத்தியிருந்தார்கள். என்னையும் லாத்தாவையும் ஆன்ட்டி என்றார்கள். முன்பிருந்த தம்பதி கொடுத்த வாடகையைப் போல மும்மடங்கு தருவதாகச் சொன்னார்கள். பேரம் பேசவில்லை. சமையல் வேண்டாம், நெட் மட்டும் வேகமாக இருக்க வேண்டும் என்றார்கள். லாத்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கம்ப்யூட்டர் கம்பெனிப் பையங்க தங்கச்சி. அடுப்படிப் பக்கமே வரமாட்டாங்க. இப்படிப் புள்ளைங்க எங்க கிடைக்கும்?"

எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. எனக்கு எதுதான் ஆரம்பத்தில் பிடித்தது என்று என் வீட்டுக்காரர் கேட்பார், அது வேறு விஷயம். குளியலறைக்குப் போகிற வழியில் ஹால் திரை விலகியிருந்தால் பார்ப்பேன். டிவியில் கிரிக்கெட் ஓடும், சத்தம் இருக்காது. பிளைவுட் பலகையில் வரிசையாக மொபைல் போன்களை மாட்டியிருந்தார்கள். ஒன்றில் பேசிக்கொண்டே இன்னொன்றை எடுப்பார்கள். பேச்சில் முழு வாக்கியமே வராது. எண் சொல்வார்கள், "ஓகே, போட்டாச்சு" என்பார்கள், அடுத்த போன். ஆட்டம் இல்லாத நாளில் பகல் முழுக்கத் தூங்குவார்கள். இது என்ன கம்ப்யூட்டர் வேலை?

ஒரு நாள் மகள் தன் கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை என்று அவர்களிடம் கேட்கப் போனாள். திரும்பி வந்து, "உம்மா, தே ஆர் டூயிங் பெட்டிங். அந்த வெப்சைட்ல எந்த டீம் ஜெயிக்கும்னு காசு கட்டுறாங்க," என்றாள். கம்பெனி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வெப்சைட்டின் அடியில் ஏதோ ஒரு தீவின் பெயர் போட்டிருந்ததாம். பள்ளிக்கூட அட்லஸை எடுத்துத் தேடினோம். அந்தப் பெயர் அதில் இல்லை. கடல்தான் நீலமாக இருந்தது.

அன்று அஸர் தொழுகை முடிந்து லாத்தா பாயைச் சுருட்டும்போதே போய்ச் சொன்னேன். சூது என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறினார். மச்சானிடம் போய்க் கேட்டார். மச்சான் டீயைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"ஆட்டம் எங்கயோ நடக்குது. கம்பெனி எங்கயோ தீவுல இருக்கு. காசு கட்டுறவன் எங்கயோ ஊர்ல இருக்கான். இந்த வீட்டுல என்ன நடக்குது? மூணு பையங்க உக்காந்து போன் பேசுறாங்க. நாம வாங்குறது வாடகை. அவ்வளவுதான்."

லாத்தா என்னைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியா? உனக்கு எதை எடுத்தாலும் சந்தேகம்," என்றார். எனக்குக் கோபம் வந்தது. மச்சான் சொன்னதில் எங்கே ஓட்டை என்று எனக்குச் சட்டென்று சொல்லவும் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மும்மடங்கு வாடகை என்ற செய்தி கட்டடத்தில் இருந்த நம் ஆட்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டது. போகாமல் என்ன செய்யும், லாத்தாவே லிஃப்டில் நின்று சொன்னார். அந்தப் பையன்களுக்குக் கூட்டாளிகள் இருந்தார்கள், அவர்களுக்கும் ஹால் தேவைப்பட்டது. இரண்டாம் மாடியில் ஹாலில் இருந்த குடும்பத்தைக் கிளப்பினார்கள். ஐந்தாம் மாடியில் இரண்டு குடும்பத்தைக் கிளப்பினார்கள். பிறகு பக்கத்துக் கட்டடம், அதற்கடுத்த கட்டடம். கீழே மளிகைக்கடைக் கண்ணாடிக் கதவில் காகிதங்கள் முளைத்தன. "ஹால் காலி. கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும். குடும்பத்துக்கு இல்லை." அதற்குக் கீழே வாடகை, போன் நம்பர். எல்லாம் தமிழில்.

ஏன் தமிழில் என்றால், அதுதான் நம் ஆட்களின் கெட்டிக்காரத்தனம். ஆங்கிலத்தில் எழுதினால் ஆபீஸ்காரன் படித்துவிடுவான், உள்வாடகைக்கு விடுவது தெரிந்துவிடும். தமிழில் எழுதினால் யாருக்குப் புரியும்? இப்படி நினைத்து, தாங்கள் எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்பதை ஊர் பார்க்கிற கதவில் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்தார்கள். மச்சானும் ஒன்று ஒட்டினார். அவருடைய ஹாலில் ஆள் இருந்தார்கள், ஆனாலும் அதைவிடக் கூடுதலாக யாராவது வருவார்களா என்று பார்க்கத்தான்.

ரியல் எஸ்டேட் ஆபீஸ் மேனேஜர் மலையாளி. தினமும் காலையில் அந்த மளிகைக்கடை வாசலில் நின்றுதான் டீ குடிப்பார். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வந்தபோது மச்சான் ஆபீசுக்குப் போனார். மேனேஜர் புது வாடகையை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினாராம். இவ்வளவு ஏற்றினால் சம்பளக்காரன் எப்படிக் கட்டுவான் என்று கேட்டதற்கு அவர் சிரித்தாராம்.

"ஞான் பாலக்காட்டுக்காரனாணு சாரே. எனக்குத் தமிழ் நல்லா வாசிக்கத் தெரியும் கேட்டோ. உங்க ஹால் எவ்வளவுக்குப் போகுதுன்னு நான் டெய்லி டீ குடிச்சுக்கிட்டே படிக்கிறேன்."

மச்சான் இதை வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அறைக்குள் ஓடிப்போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

லாத்தா அடுப்படியில் வைத்துத்தான் சொன்னார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மசாலா டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுறேன்னு கோவிச்சுக்கிடாத தங்கச்சி. ஆபீஸ்காரன் ஏத்துன வாடகையைக் கட்டணும்னா ஹால் மட்டும் பத்தாது. பையங்க உங்க ரூமையும் கேக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள பாத்துக்கிடுங்க."

"எங்க போகச் சொல்றிய லாத்தா?"

"நான் என்ன செய்ய? மச்சான் சொல்லுறாரு."

நான்கு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாங்கள். நோன்புக் காலத்தில் ஒரே சட்டியில் கஞ்சி காய்ச்சினோம். அவருடைய இரண்டாவது பையனுக்கு அம்மை போட்டபோது பகலெல்லாம் என் மடியில்தான் கிடந்தான். அந்த மனுஷி டப்பாவைத் துடைத்துக்கொண்டே எனக்கு நாள் குறித்தார். மீனை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்று யாரும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரே அலைச்சல். மகளைப் பள்ளிக்கூட பஸ் ஏற்றிவிட்டுக் கிளம்பினால், அவள் திரும்பும் வரை நடப்பேன். அபு ஷகாரா, நஹ்தா, காசிமியா. வெயிலில் கட்டடத்துக்குக் கட்டடம் ஏறி இறங்கி நாத்தூர்களிடம், அதாவது வாசல் காவலாளிகளிடம், "பாய், ரூம் ஹை?" என்று கேட்பேன். "ஃபேமிலி மாஃபி, பேச்சிலர் ஹை," என்பார்கள். குடும்பத்துக்கு இல்லையாம், தனி ஆண்களுக்குத்தானாம். சில இடங்களில் நம் ஆட்களே கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "கம்ப்யூட்டர் பையங்களுக்கு வச்சிருக்கோம்மா," என்றார்கள். அந்தப் பையன்கள் எத்தனை பேர்தான் இருப்பார்கள்? உண்மையில் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவர்களுக்காகக் காத்திருந்து ஹாலைக் காலியாகவே பூட்டி வைத்திருந்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள் போலிருந்தது. காலி வீடுகள் நிறைந்த தெருவில் எனக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பெயர் தெரியாத தீவில் இருக்கிற ஒரு கம்பெனி, என்னைப் பார்த்தே இராத ஒரு கம்பெனி, ரோலாவில் என் கட்டிலைப் பிடுங்கிவிட்டது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியாமல் என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன்.

அவர் சத்தம் போடாத மனிதர். ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "கத்தார்ல, ராஸ் லஃபான்ல மாமா மகன் ஒரு ஸ்டோர் கீப்பர் வேலை இருக்குன்னு சொல்லுறான். கேம்ப்லயே தங்கிக்கிடலாம், சாப்பாடும் கம்பெனிதான். குடும்பத்துக்கு இடமில்ல."

"அப்ப நாங்க?"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ காய்ந்திருக்கும். மகள் புத்தகத்திலிருந்து நிமிரவே இல்லை, ஆனால் பக்கத்தைத் திருப்பவும் இல்லை. அன்று நான் உட்காரவே இல்லை. துவைத்த துணியை மறுபடி துவைத்தேன்.

கடைசியில் பக்கத்து ஊரான அஜ்மானில் ஒரு பழைய வில்லாவின் பின்பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. தண்ணீர் காலையில் மட்டும் வரும். ஏசி போட்டால் விளக்கு மங்கும். மகள் இருட்டோடு எழுந்து இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனாள். ஆனாலும் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். ராஸ் லஃபான் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் அவர் போன் அடிக்கும்போதெல்லாம் கத்தார் நம்பரா என்று எட்டிப் பார்ப்பேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம், பெரிய ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தபோது, ரோலா கட்டடத்துக்கு சிஐடி வந்தது. எங்கள் பழைய ஃப்ளாட்டில் இருந்த பையன்களையும் கம்ப்யூட்டர்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். செய்தி பரவியதும் மற்றக் கட்டடங்களில் இருந்த பையன்கள் லுஹர் தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் மறைந்துவிட்டார்கள். மெத்தையும் போன் சார்ஜர்களும்தான் மிச்சம். மச்சானையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வீடு அவர் பெயரில் அல்லவா இருந்தது? நல்லவேளையாக அவர் மேல் வழக்கு வரவில்லை, விட்டுவிட்டார்கள். ஆனால் கார்கோ கம்பெனியில் சம்பளத்தைக் குறைத்துக் கிடங்கு வேலைக்கு மாற்றினார்கள். ரியல் எஸ்டேட் ஆபீஸில் அவர் பெயருக்கு இனி வீடு கிடையாது, கலாஸ், முடிந்தது.

இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது, நன்றாகவே இருந்தது. அஜ்மான் அறையில் சக்கரை போட்டு இன்னொரு டீ போட்டுக் குடித்தேன்.

கொஞ்ச நாளில் பாலக்காட்டு மேனேஜரே என் வீட்டுக்காரரைக் கடையில் வந்து பார்த்தார். கட்டடத்தில் பாதி காலி. போலீஸ் வந்த வீடு என்று யாரும் எட்டிப்பார்க்கவில்லை. குடும்பமாக இருக்கிற, ஒழுங்கான ஆள் வேண்டும், உங்கள் பழைய ஃப்ளாட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வாடகையைக் குறைப்பீர்களா என்று இவர் கேட்டார்.

"அது மட்டும் பற்றில்லா. ஓனர் ஒருமுறை பார்த்த காசை மறக்கமாட்டார்."

பையன்கள் போய்விட்டார்கள். அவர்கள் ஏற்றிவிட்ட வாடகை அங்கேயே நின்றது. அந்தத் தெரு முழுக்க அப்படித்தான். ஆனாலும் எடுத்தோம். மகளின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், பொதுத் தேர்வு வருடம். முதல் செக்குக்கு என் வளையல்கள் போயின. அடுத்த செக்குகளை ஹாலையும் இன்னோர் அறையையும் உள்வாடகைக்கு விட்டால்தான் தேற்ற முடியும். மளிகைக்கடைக் கதவில் நான் எதையும் ஒட்டவில்லை.

அந்த இன்னோர் அறைக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் லாத்தாவையும் மச்சானையும் அவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

"அறை கிடைக்கலைன்னா அவங்க ஊருக்குப் போகணும். உனக்குத்தான் அது எப்படின்னு தெரியுமே," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தெரியும் என்பதால்தானே ஆத்திரம்? லாத்தா வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். மெலிந்து போயிருந்தார். சின்னவன் மட்டும் என்னைப் பார்த்ததும் நேராக ஓடிவந்து அடுப்படிக்குள் போய் பிஸ்கட் டப்பாவைத் தேடினான். அது பழைய இடத்தில்தான் இருந்தது. நான் நகர்ந்து வழிவிட்டேன்.

அவர்கள் இருந்த பெரிய அறையில் நாங்கள், நாங்கள் இருந்த சின்ன அறையில் அவர்கள். லாத்தா வெங்காயம் கேட்கக்கூட இப்போது தயங்குவார். நானும் தேவைக்கு மேல் பேசவில்லை. ஹாலுக்கு ஆள் வரவில்லை. வருகிற குடும்பங்களுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. செக் தேதி நெருங்க நெருங்க என் வீட்டுக்காரர் தூக்கத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்தார். மறுபடி கத்தார் நம்பர் வந்ததை நான் பார்த்தேன்.

அப்படியொரு காலையில் எனக்கு ஒரு போன் வந்தது. லாத்தா அடுப்படியில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்படி வாசலில் நின்று பேசினேன். இளம் குரல், மரியாதையான குரல்.

"ஆன்ட்டி, ஹால் இருக்குன்னு சொன்னாங்க. நெட் ஸ்பீடு எப்படி?"

எனக்குப் புரிந்துவிட்டது. தொகையை அவனே சொன்னான். அதைக் கேட்டதும் செக், வளையல், கத்தார் எல்லாம் ஒரு நொடியில் தலையை விட்டு இறங்கின. அதற்குள் அவன், "இன்னொரு ரூமும் இருந்தா சேர்த்தே எடுத்துக்கிறோம் ஆன்ட்டி," என்றான்.

"ரூமுமா?" என்று கேட்டுவிட்டேன். சத்தமாகத்தான் கேட்டிருக்க வேண்டும். பின்னால் கத்திச் சத்தம் நின்றது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மறுமுனையில் அவன் காத்திருந்தான். லாத்தாவின் பையன்கள் இரண்டு பேரும் காலி ஹாலில் பந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். சிஐடி வந்த வீடு இது, எவளாவது மறுபடி விடுவாளா என்று நினைப்பீர்கள். எனக்கு அந்தப் பயம் வருவதற்கு முன்னால் வந்தது கணக்குதான்.

"இல்ல தம்பி. குடும்பம் இருக்கு," என்றேன். போனை வைத்துவிட்டேன்.

லாத்தா மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவு தாரேன்னான்?"

சொன்னேன்.

"எங்களுக்குத் தந்ததைவிடக் கூட," என்றார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். "அந்த நம்பரை அழிச்சிடு தங்கச்சி."

"நான் கூப்பிடமாட்டேன் லாத்தா."

"நீ கூப்பிடமாட்ட. செக் தேதி வந்தா உன்னைக் கூப்பிடச் சொல்லி நானே சொல்லுவேன். அழிச்சிடு."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். அவர் புடலங்காய்க்குத் திரும்பினார். நான் அரிவாள்மனையை எடுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த நம்பரின் கடைசி நாலு எண்கள் அந்தச் செக் தேதி தாண்டும் வரைக்கும் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன.